மார்த்தாண்டம் தேனைத் தேடியவர்கள்: தேடுசொற்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தொழிலும் தளமும்

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில், மார்த்தாண்டத்திலிருந்து சற்றுத் தள்ளி வாழும் ஒரு குடும்பம் மூன்று தலைமுறைகளாகத் தேனீ வளர்த்து வருகிறது. ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுக்கும் தேனும், வீட்டைச் சுற்றியுள்ள சிறு கூடுகளில் கிடைக்கும் சிறுதேனுமே அவர்கள் விற்கும் சரக்கு. மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இத்தொழில் தற்செயலாக வேரூன்றியதன்று. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஊரக மையத்தை நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், உழவர் குடும்பங்களுக்குத் துணைத்தொழிலாகத் தேனீ வளர்ப்பைக் கற்றுத்தந்தார். ரப்பர் பரவியபோது தேன் வரத்தும் பெருகியது. 1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் இந்தியத் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்தபோது பலர் தொழிலை விட்டனர். இந்தக் குடும்பம் எஞ்சிய கூடுகளைப் பிரித்துப் பெருக்கி மீண்டெழுந்தது.

அண்மைக் காலம் வரை மொத்த வியாபாரிகளுக்கும் உள்ளூர்க் கடைகளுக்கும் மட்டுமே அவர்கள் தேன் கொடுத்து வந்தனர். வாங்குவோரை நேரடியாகச் சென்றடைய வேண்டும் என்ற எண்ணத்தில் ஓர் இணையதளம் தொடங்கினார்கள். அதில் பொருள்களின் பக்கங்களோடு கட்டுரைகளும் வெளியாயின. தளத்தை அமைத்துக் கொடுத்தவர் கட்டுரைகளையும் எழுதிக் கொடுத்தார். வருகைக் கணக்கைப் பார்த்தால் தளம் நன்றாக நடப்பதாகவே தோன்றியது. ஆனால் அதன் வழியாகத் தேன் கேட்டு வந்த அழைப்புகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. வருகிறவர்கள் ஏன் வாங்குவதில்லை என்ற கேள்வியோடுதான், தளங்களின் தேடுசொற்களைச் சீராக்கும் வேலை செய்யும் என்னை அவர்கள் அழைத்தார்கள். அதன் பிறகு ஏறத்தாழ ஓராண்டுக் காலத்தில் தளத்தின் தேடுசொற்களில், அதாவது மக்கள் தேடுபொறியில் தட்டுபவையும் தொழிலில் கீவேர்ட் என்று வழங்கப்படுபவையுமான சொற்களில், என்ன மாற்றம் செய்யப்பட்டது, அதனால் எது நகர்ந்தது, எது நகரவில்லை என்பதே இந்த ஆய்வு.

அறிக்கையில் கண்டது

தேடுசொல் பற்றிய எந்த வேலையும், தளம் வைத்திருப்போருக்கு கூகுள் தரும் அறிக்கைக் கருவியான சர்ச் கன்சோலில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2011 முதல் கூகுள் தேடல்களை மறையாக்கம் செய்யத் தொடங்கியதால், தளத்துக்கு வருகிறவர் என்ன தட்டிவிட்டு வந்தார் என்பதை வழக்கமான வருகைக் கணக்குக் கருவிகளில் காண இயலாது. சர்ச் கன்சோல் மட்டுமே, எந்தத் தேடலுக்கு நம் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரியாக எத்தனையாவது இடத்தில் நின்றது என்பதைக் கட்டணமின்றிக் காட்டுகிறது. கடந்த 16 மாதத் தரவு அதில் இருக்கும். பருவம் சார்ந்த தொழிலுக்கு இது பெரிய வசதி. இந்த ஆண்டின் ஜனவரியைச் சென்ற ஆண்டின் ஜனவரியோடு ஒப்பிட முடியும். மிக அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி அது மறைத்துவிடும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிக்கையைத் திறந்ததும் விடை கண்முன் இருந்தது. தளத்துக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே ஒரு கட்டுரைக்கு வந்திருந்தனர். அது கன்னியாகுமரியில் சூரியன் உதிக்கும் நேரத்தைப் பற்றியது. 'கன்னியாகுமரி சூரிய உதயம் நேரம்', 'கன்னியாகுமரி சுற்றிப் பார்க்க', 'விவேகானந்தர் பாறை படகு' என்று தட்டியவர்களெல்லாம் ஒரு தேன் வியாபாரியின் தளத்தில் வந்து இறங்கியிருக்கிறார்கள், நேரத்தைப் பார்த்திருக்கிறார்கள், போய்விட்டிருக்கிறார்கள். அவர்கள் மீது குறையில்லை. வந்த வேலை முடிந்தது.

மாவட்டத்தின் பெயரும் முக்கடல் கூடும் ஊரின் பெயரும் ஒன்றாக இருப்பது இங்கு தொழில் செய்யும் ஒவ்வொருவருக்கும் உள்ள சிக்கல். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து மாவட்டமானபோது, தென்முனை ஊரின் பெயரே மாவட்டத்துக்கும் அமைந்தது. ஆகவே 'கன்னியாகுமரி' என்று தட்டுகிறவரின் மனத்தில் பெரும்பாலும் இருப்பது கடற்கரையும் திருவள்ளுவர் சிலையுமே. மேற்கே மலையடிவாரத்து ரப்பர் தோட்டம் அவருக்கு நினைவில் இல்லை. முன்பு கட்டுரை எழுதியவர் அந்தச் சொல்லைத் தேடுவோரின் எண்ணிக்கையைப் பார்த்தாரே தவிர, அவர்கள் எதற்காகத் தேடுகிறார்கள் என்பதைப் பார்க்கவில்லை.

தளத்தில் வேறு சில கோளாறுகளும் இருந்தன. முகப்புப் பக்கத்தின் அடியில், பின்புலத்தின் நிறத்திலேயே, படிப்பவர் கண்ணுக்குப் படாதபடி, 'சுத்தமான தேன், அசல் தேன், மலைத்தேன், கொம்புத்தேன், தேன் விலை, நாகர்கோவில் தேன், நாகர்கோயில் தேன்' என்று பத்தி பத்தியாகச் சொற்கள் அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்தின் நிரலில், தேடுபொறிக்குத் தேடுசொற்களைச் சொல்வதற்கென உள்ள கீவேர்ட் மெட்டா குறியிலும் இதே பட்டியல் இருந்தது. தேடல் தரவரிசைக்கு அந்தக் குறியைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது. சொற்களை ஒளித்து அடுக்குவதோ வெளிப்படையான விதிமீறல்; 2012-இல் கூகுள் தன் தரவரிசை முறையில் கொண்டுவந்த பென்குவின் என்னும் மாற்றத்துக்குப் பிறகு அதனால் தளம் பின்னுக்குத் தள்ளப்படும் வாய்ப்பே அதிகம். முதல் வாரத்திலேயே அந்தப் பத்திகளை நீக்கினோம்.

இன்னொன்று தமிழ்த் தளங்களில் அடிக்கடி காணப்படுவது. பொருள்களின் பெயர், விலை, அளவு ஆகிய மூன்றும் படங்களாக இருந்தன. அச்சகத்தில் புட்டிக்கு ஒட்டும் லேபிளை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய பாமினி எழுத்துருவில் அடித்து, அதையே படமாக்கித் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். அந்தப் பக்கங்களில் 'சிறுதேன்' என்ற சொல் எழுத்தாக ஓர் இடத்திலும் இல்லை. சில கட்டுரைகளில் பாமினி உரையை அப்படியே ஒட்டியதால், தேடுபொறியின் பார்வையில் அது ஆங்கில எழுத்துகளின் பொருளற்ற வரிசையாகவே நின்றது. எல்லாவற்றையும் ஒருங்குறியில் (யூனிகோடில்) புதிதாகத் தட்டச்சு செய்தோம். பழைய எழுத்துருவை ஒருங்குறியாக்கும் மாற்றிகளைக் கொண்டு மாற்றும்போது ஔகாரக் குறியின் இடத்தில் 'ள' நின்றுவிடுவதும், கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து கிடப்பதும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு சொற்கள். அதனால் முக்கியமான பக்கங்களை மாற்றியிடம் விடாமல் கையாலேயே தட்டினோம்.

தொலைபேசிக் குறிப்பேடு

அடுத்த கேள்வி, எந்தச் சொற்களுக்காக எழுதுவது என்பது. ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் விளம்பரக் கருவியான கீவேர்ட் பிளானர், விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குகளுக்குத் தேடல் எண்ணிக்கையை மிகப் பரந்த இடைவெளிகளாகவே காட்டும். தமிழில் நான்கைந்து சொற்கள் கொண்ட தேடல்களைக் கொடுத்தால் பெரும்பாலும் தரவே இல்லை என்று சொல்லிவிடும். ஆனால் தரவு இல்லை என்பதால் தேடுவோரும் இல்லை என்று பொருளாகாது. ஒவ்வொரு நாளும் தங்களிடம் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதுவரை வராத புதிய தேடல்கள் என்று கூகுளே பலமுறை கூறியிருக்கிறது.

இந்த வீட்டில் எந்தக் கருவியையும் விடச் சிறந்த ஒரு சான்று இருந்தது. தேன் கேட்டு வரும் அழைப்புகளை எடுப்பவர் வீட்டின் மருமகள். யார், எந்த ஊர், எவ்வளவு வேண்டும், என்ன கேட்டார் என்பதை ஒரு நீள நோட்டில் அவர் எழுதி வைத்திருந்தார். முகவரிக்காகத் தொடங்கிய பழக்கம்தான். ஆனால் வாடிக்கையாளர் கேட்டதைக் கேட்ட மொழியிலேயே குறித்திருந்தார். 'தேன் அடியில சீனி மாதிரி கட்டியாயிருக்கு, பாகு கலந்ததா?' 'தண்ணியில விட்டா கரையுது, அப்ப கலப்படமா?' 'சிறுதேன் ஏன் இவ்வளவு வெல?' 'ரப்பர் தேன்னா ரப்பர் பால் கலந்திருக்குமா?' 'புளிப்பா இருக்கு, கெட்டுப்போச்சா?' 'ஒரு வயசுப் பிள்ளைக்குக் குடுக்கலாமா?'

அந்த நோட்டைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. தேடுசொல் ஆய்வு என்ற பெயரில் பலரும் பணம் கொடுத்து வாங்கும் பட்டியல்களில் இல்லாதது அதில் இருந்தது. வாங்கும் எண்ணத்தோடு வந்த ஒருவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறார் என்பது அவருடைய சொற்களிலேயே பதிவாகியிருந்தது. அழைத்துக் கேட்பவர் ஒருவர் என்றால், அழைக்கக் கூச்சப்பட்டுக் கைப்பேசியில் தட்டிக் கேட்பவர் பலர். ஒவ்வொரு கேள்வியையும் கூகுள் பெட்டியில் தட்டி, அது தானாக நிரப்பிக் காட்டும் தொடர்களையும், கீழே மக்கள் கேட்கும் பிற கேள்விகளாக வருவனவற்றையும் நோட்டின் மறுபக்கத்தில் எழுதினோம். இரண்டு பக்கமும் பொருந்திய கேள்விகளே எங்கள் முதல் தேடுசொற்கள் ஆயின.

ஒன்றைக் குறிப்பிட வேண்டும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், சந்தையில் உள்ள பல தேன் வகைகளில் வழக்கமான சோதனைகளுக்குச் சிக்காத சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக வெளியிட்ட ஆய்வு நாடெங்கும் பேசப்பட்டது. அதன் பிறகு தேன் வாங்குகிறவரின் முதல் கேள்வி சுவையையோ விலையையோ பற்றியது அன்று. இது உண்மையான தேன்தானா என்பதே. நோட்டிலிருந்த கேள்விகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த ஒரே ஐயத்தின் வெவ்வேறு உருவங்கள்.

ஒரே பொருளுக்குப் பல பெயர்

தமிழில் தேடுசொல் வேலை செய்கிறவர் ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளை அப்படியே பின்பற்ற முடியாது. நம் சொற்கள் வேற்றுமை உருபேற்று உருமாறுகின்றன, புணர்ச்சியில் ஒட்டிக்கொள்கின்றன, வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறுகின்றன. போதாக்குறைக்கு, பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள்.

கொடுக்கில்லாத சின்னஞ்சிறு தேனீ, பிசினும் மெழுகும் கலந்து கட்டும் குட்டிக் குடுவைகளில் சேர்க்கும் தேனைக் குமரியில் சிறுதேன் என்கிறோம். மற்ற மாவட்டங்களில் அதைக் கொசுத்தேன் என்கிறார்கள். ஒரு கூட்டிலிருந்து ஓராண்டில் ஒரு கிலோ கிடைப்பதே அரிது. விலை அதிகமாக இருப்பதற்குக் காரணம் அதுவே. கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ வாங்கக் கூடியவர் 'கொசுத்தேன்' என்றுதான் தட்டுவார்; தளத்தில் அந்தச் சொல் ஓர் இடத்திலும் இல்லை. கொம்புத்தேன் என்பதோ மரக்கிளையில் ஒற்றை அடை கட்டும் வேறொரு தேனீயின் தேன். இந்தக் குடும்பம் அதை விற்பதில்லை. ஆயினும் பழைய பட்டியலில் அந்தச் சொல் இருந்தது. அதை எடுத்துவிட்டோம், இல்லாத சரக்கின் பெயரைச் சொல்லி ஒருவரைக் கடைக்கு அழைக்கக் கூடாது.

சிறுதேனுக்கு ஒரு பக்கம், கொசுத்தேனுக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதலாம் என்பது குடும்பத்தின் முதல் யோசனை. அதை நான் ஏற்கவில்லை. ஒரே பொருளைப் பற்றிய இரண்டு பக்கங்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு இரண்டுமே பின்தங்குவதை வேறு தளங்களில் பார்த்திருக்கிறேன். ஒரே பக்கத்தின் தலைப்பில் இரு பெயர்களையும் வைத்து, முதல் பத்தியிலேயே குமரியில் சிறுதேன் எனப்படுவதும் பிற மாவட்டங்களில் கொசுத்தேன் எனப்படுவதும் ஒன்றே என்று எழுதினோம். படிப்பவருக்கு அது பயனுள்ள செய்தி. தேடுபொறிக்கும் அதுவே போதும்.

ஒற்று மிகுதல் இன்னொரு நுட்பம். கட்டுரையில் 'கொசுத்தேன்' என்று எழுதுவோம். கைப்பேசியில் தட்டுகிறவர் 'கொசு தேன்' என்று இடம் விட்டுத் தட்டுவார். 2019 டிசம்பரில் கூகுள், தேடலின் பொருளைச் சூழலோடு புரிந்துகொள்ள உதவும் தன் பெர்ட் மொழிமாதிரியை 70-க்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிவாக்கியபோது தமிழும் அதில் சேர்ந்தது; சொல்லை எழுத்தெழுத்தாகப் பொருத்தும் காலம் அப்போதே பெரும்பாலும் முடிந்துவிட்டது என்றாலும், பிரித்தும் சேர்த்தும் எழுதிய வடிவங்களுக்கு இன்றும் முடிவுகள் முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. தேடுபொறிக்காகப் பிழையான தமிழை எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. வாடிக்கையாளர் கேள்வியை அவர் சொன்னபடியே மேற்கோளாகக் காட்டும் இடங்களில் மட்டும் பேச்சு வடிவத்தை அப்படியே விட்டோம். பிற இடங்களில் இலக்கணப்படியே எழுதினோம். இரண்டு வடிவத் தேடல்களுக்கும் பக்கம் காட்டப்படுவதைச் சில வாரங்களில் அறிக்கை உறுதி செய்தது.

ஆங்கில எழுத்தில் தட்டப்படும் தமிழில் தேனுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. அதை வழக்கமான முறையில் நான்கு எழுத்துகளால் எழுதினால், 'பிறகு' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகிவிடுகிறது. எனவே அந்த ஒற்றைச் சொல்லை நம்பிப் பயனில்லை. ஊர்ப் பெயரோடு சேர்ந்து வரும்போதுதான் பொருள் தெளிவாகிறது. பக்கங்களின் முகவரிகளை ஆங்கில எழுத்தில், ஊர்ப் பெயரும் பொருளின் பெயரும் வருமாறு சுருக்கமாக அமைத்தோம். தமிழ் எழுத்தில் அமைந்த முகவரி வாட்ஸ்அப்பில் பகிரப்படும்போது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நீண்டு, திறக்கவே அஞ்சும்படி ஆகிவிடுகிறது என்பதும் இதற்கு ஒரு காரணம்.

உறைந்த தேன் பக்கம்

எழுதிய பக்கங்களில் மிகுந்த உழைப்பைப் பெற்றது, தேன் உறைவதைப் பற்றியது. நோட்டில் அடிக்கடி வந்த கேள்வியும் அதுவே.

ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்பில் சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில் இனிப்பு நீர் ஊறும். தேனீ எடுப்பது பூவிலிருந்து அன்று, அந்த இளந்தளிரிலிருந்து. அப்படிக் கிடைக்கும் ரப்பர் தேன் விரைவில் உறையும் இயல்புடையது. தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவதே உறைதல். 10 முதல் 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் அது வேகமாக நடக்கிறது. மார்த்தாண்டத்தில் புட்டியில் தெளிவாக இருந்த தேன், உதகையிலோ பெங்களூரிலோ ஒரு வீட்டு அலமாரியில், அல்லது குளிர்பதனப் பெட்டியில், அடியிலிருந்து வெண்மையாகக் கட்டி விடுகிறது. வாங்கியவர் ஏமாந்துவிட்டதாக நினைத்து வருந்துகிறார். விற்றவர் மீது பழி விழுகிறது. இரு தரப்புக்கும் இது வேதனை தரும் செய்தி என்பதால்தான் இந்தப் பக்கத்தை முதலில் எழுத வேண்டும் என்று வற்புறுத்தினேன்.

பக்கத்தின் தலைப்பு: 'தேன் உறைந்தால் கலப்படமா? அடியில் சீனி போல் கட்டுவது ஏன்?' தேடல் முடிவில் தலைப்புக்குக் கிடைக்கும் அகலம் குறைவு. தமிழ் எழுத்துகள் அகலமானவையாதலால் ஆங்கிலத் தலைப்பை விட விரைவில் வெட்டுப்படும். ஆகவே முக்கியமான சொற்கள் முதலில் வர வேண்டும். தளத்தின் பெயர் கடைசியில் வந்தால் போதும். 'சீனி' என்பது தென்மாவட்ட வழக்கு. சென்னையிலும் கொங்குப் பகுதியிலும் சர்க்கரை என்பார்கள். தலைப்பில் சீனியையும் முதல் பத்தியில் சர்க்கரையையும் வைத்தோம்.

முதல் பத்தி நேரடியாக விடை சொன்னது: உறைவது கலப்படத்துக்குச் சான்றன்று, உறையாதிருப்பது தூய்மைக்கும் சான்றன்று. தேனின் சிறப்பைப் பாடும் முன்னுரை எதுவும் இல்லை. கீழே, உறையத் தொடங்கியது, பாதி உறைந்தது, முழுதும் உறைந்தது என்று மூன்று நிலைகளில் அவர்கள் வீட்டுப் புட்டிகளையே சன்னல் ஓரத்தில் வைத்து எடுத்த படங்கள். ஒவ்வொரு படத்துக்கும், தேடுபொறி படிக்கும்படி அதில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை. உறைந்த தேனை இளக்க, 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் புட்டியை வைத்தால் போதும், அடுப்பில் நேரடியாகச் சூடாக்கக் கூடாது என்ற செய்முறை. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது, தீக்குச்சியை நனைத்துக் கொளுத்துவது ஆகிய வீட்டுச் சோதனைகள் ஏன் நம்பத்தக்கவை அல்ல என்ற விளக்கம்: கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில் தங்கும், நீர்த்தன்மை மிகுந்த சிறுதேன் உண்மையாக இருந்தும் விரைவில் கலைந்துவிடும். உறுதியாக அறிய ஆய்வகச் சோதனையே வழி என்பதும், லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதும் இறுதியில். தேன் வாங்கும்படி ஒரு வரியும் அந்தப் பக்கத்தில் இல்லை. ரப்பர் தேன் என்ற சொல் முதலில் வரும் இடத்தில் அதன் பொருள் பக்கத்துக்கு ஓர் இணைப்பு மட்டும் உண்டு.

இந்த ஒரு பக்கத்தில் 'தேன்' என்ற சொல் எத்தனை முறை வர வேண்டும் என்று வீட்டார் கேட்டார்கள். அப்படியொரு கணக்கு இல்லை. நூறு சொல்லுக்கு இத்தனை முறை என்று விகிதம் சொல்லும் அறிவுரைகள் இன்றும் உலவுகின்றன. அவற்றுக்கு எந்த ஆதாரமும் இல்லை. வாய்விட்டுப் படிக்கும்போது உறுத்தாத அளவே அளவு.

பக்கம் வெளியாகி இரண்டு மாதங்கள் வரை அசைவில்லை. பிறகு 'தேன் உறையுமா', 'தேன் கட்டியானால்', 'தேன் அடியில் சர்க்கரை' எனப் பல வடிவங்களுக்குக் காட்டப்படத் தொடங்கியது. குளிர்காலத்தில் முதல் பக்க முடிவுகளுக்குள் வந்தது. அவற்றுள் பல வடிவங்கள் கட்டுரையில் அப்படியே இடம்பெறாதவை என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்விக்கு நிறைவான விடை இருந்தால் அதன் சொல் மாற்றங்கள் தாமே வந்து சேர்கின்றன.

விட்டுவிட்ட சொற்கள்

தேன் தொடர்பாகத் தமிழில் மிகுதியாகத் தேடப்படுபவற்றுள் உடல் எடை குறைப்பும் நோய் தீர்ப்பும் முன்னிற்கின்றன. 'சர்க்கரை நோய்க்குத் தேன்', 'கண்ணுக்கு விடும் தேன்' போன்றவை நோட்டிலும் இருந்தன. அவற்றுக்குப் பக்கம் எழுதினால் வருகை கூடும் என்பதில் ஐயமில்லை. எழுத வேண்டாம் என்று முடிவு செய்தோம். நீரிழிவு, கண்புரை, உடற்பருமன் போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், கண்ணில் தேன் விட்டுக்கொண்டு ஒருவர் மருத்துவரிடம் போகத் தாமதித்தால் அதற்கு யார் பொறுப்பு? ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, அதனால் போட்யூலிசம் என்னும் கடுமையான நோய் வரலாம் என்பதை மட்டும் எல்லாப் பொருள் பக்கங்களிலும் தெளிவாக எழுதினோம். விற்பனையைக் குறைக்கும் வரி அது என்று வீட்டில் ஒருவர் தயங்கினார். மாமியார்தான் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

'தேன் விலை' என்ற சொல்லையும் விட்டோம். காரணம் வேறு: அந்தத் தேடலின் முதல் பக்கம் முழுவதும் பெரிய இணைய அங்காடிகளின் பிடியில் இருக்கிறது, ஒரு சிறு தளம் அங்கே நுழைய முடியாது. அதற்கு மாறாக 'மார்த்தாண்டம் தேன்' என்ற தொடரைத் தேடுவோர் குறைவு. ஆனால் அதைத் தட்டுகிறவர் என்ன வேண்டும் என்று அறிந்தே தட்டுகிறார். 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தத் தேடல் வெளிமாவட்டங்களிலிருந்தும் வரத் தொடங்கியது. அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்துகொள்ளும் வரை குறியீட்டைப் புட்டியிலோ தளத்திலோ தங்களுடையதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம் என்று அறிவுறுத்தினேன். தேன் எந்தத் தோட்டத்துப் பெட்டியில், எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்பதை எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை, அதுவே வலுவான உள்ளடக்கம்.

வருகை குறைந்தது, அழைப்பு கூடியது

சூரிய உதயக் கட்டுரையை என்ன செய்வது என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. 'இவ்வளவு ஆளு வருதில்லா, அத எதுக்கு எடுக்கணும்?' என்று குடும்பத் தலைவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கட்டுரையில் தரப்பட்ட நேரம் ஆண்டு முழுவதற்கும் ஒன்றாக இருந்தது. உதய நேரம் மாதந்தோறும் மாறுவது. அதை நம்பி விடியற்காலையில் கடற்கரைக்குப் போகிறவர் ஏமாறுவார். அதைச் சரியாக வைத்திருக்க இவர்களுக்கு நேரமும் இல்லை, காரணமும் இல்லை. 2022 ஆகஸ்டில் கூகுள் கொண்டுவந்த பயனுள்ள உள்ளடக்க மாற்றம், தேடல் வருகைக்காக மட்டும் எழுதப்பட்ட பக்கங்கள் மிகுந்த தளங்களை ஒட்டுமொத்தமாகவே தாழ்த்தக் கூடியது. 2024 மார்ச்சில் அது அடிப்படைத் தரவரிசை முறைக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. கட்டுரையை நீக்கினோம்.

மொத்த வருகை செங்குத்தாகச் சரிந்தது. எதிர்பார்த்ததுதான் என்றாலும், அந்த வரைபடத்தைப் பார்த்து வீட்டார் கலங்கினார்கள். அதனால் வருகை எண்ணிக்கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, நோட்டில் ஒரு புதிய கேள்வி சேர்த்தோம்: 'எங்களை எப்படி அறிந்தீர்கள்?' அடுத்த தேன் பருவம் முடிவதற்குள், அழைத்தவர்களில் கணிசமானோர் கூகுளில் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பலர் உறைந்த தேன் பக்கத்தையும் சிறுதேன் பக்கத்தையும் படித்துவிட்டே அழைத்தார்கள். கலப்படமா என்று கேட்கும் அழைப்புகள் குறைந்தன. எத்தனை கிலோ, எப்போது கிடைக்கும் என்ற அழைப்புகள் கூடின.

இந்த வளர்ச்சி முழுவதும் தேடுசொற்களால் வந்தது என்று நான் சொல்லவில்லை. புவிசார் குறியீட்டுச் செய்தியும், கூகுள் வரைபடத்தில் கடையின் விவரத்தைத் திருத்தியதும், முன்பு வாங்கியவர்கள் பிறருக்குச் சொன்னதும் அதே காலத்தில் நடந்தவை. ஆனால் அழைத்தவர் எந்தப் பக்கத்தைப் படித்தார் என்பது நோட்டில் பதிவாகியிருப்பதால், அந்தப் பக்கங்களின் பங்கை மறுக்க முடியாது.

ஒரு மாற்றத்தைக் கவனித்து வருகிறேன். தேடல் முடிவுகளின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு தரும் சுருக்க விடைகள் 2024 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்தன. தேன் உறைவது ஏன் என்பது போன்ற பொதுக் கேள்விகளுக்கு அங்கேயே விடை கிடைத்துவிடுவதால், பக்கம் காட்டப்படும் எண்ணிக்கை கூடினாலும் சொடுக்குவோர் அதே அளவில் கூடுவதில்லை. இந்த ஆண்டு எடுத்த சிறுதேன் எவ்வளவு, எந்தத் தோட்டத்துத் தேன் இப்போது கையிருப்பில் உள்ளது போன்றவற்றை வேறு யாரும் சுருக்கிச் சொல்ல முடியாது. இனி எழுதுவதில் அவற்றுக்கே முதலிடம் கொடுக்கிறோம்.

அறிக்கையில் அண்மையில் புதிதாக ஒரு கூட்டம் தேடல்கள் தென்படுகின்றன: 'தேனீ பெட்டி எங்கு கிடைக்கும்', 'வீட்டில் தேனீ வளர்ப்பது எப்படி', 'சிறுதேனீ கூடு விலை'. தளத்தில் இவற்றுக்கெனப் பக்கம் ஏதும் இல்லாமலேயே சிறுதேன் பக்கம் இரண்டாம், மூன்றாம் பக்க முடிவுகளில் காட்டப்படுகிறது. குடும்பம் கூடுகளைப் பிரித்து விற்பதும் உண்டு என்பதால் இது அவர்கள் பதில் சொல்லக் கூடிய கேள்வியே. கூடு பிரிக்கும் முறையை மூத்தவர் சொல்ல, மருமகள் எழுதிக்கொண்டிருக்கிறார். ரப்பர் துளிர்க்கும் முன், டிசம்பருக்குள், அந்தப் பக்கத்தை வெளியிடத் திட்டம்.